காசநோய்க் கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜால் அதைக் கொல்ல முடியாமற்போவது ஏன்?

கேள்வி இதுதான்: உடலுக்குள் நுழையும் பாக்டீரியாக்களை மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கு செல்கள் விழுங்கிச் செரித்துவிடுகின்றன என்றால், காசநோய்க் கிருமி மட்டும் அதே செல்லுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருப்பது எவ்வாறு? நோயெதிர்ப்பாற்றலைக் கூட்டிக்கொண்டால் அதை ஒழித்துவிட முடியாதா? இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலோர் இடறுகின்றனர் என்பதால், அதற்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேக்ரோஃபேஜிடம் கொல்லும் கருவிகள் இல்லாமலில்லை. அவற்றை உரிய நேரத்தில், உரிய அளவில் இயக்குவதுதான் அதற்குக் கடினமாகிறது. குறைவாக இயங்கினால் கிருமி பெருகும்; மிகையாக இயங்கினால் மேக்ரோஃபேஜே செத்து, நுரையீரல் திசுவும் சிதைந்து, கிருமி வெளியேற வழி திறக்கும். ஆகவே கூட்டுவது என்ற ஒற்றைத் திசையில் இதற்குத் தீர்வு கிடையாது.

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. அதே ஆண்டில் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் ஒளிபுகும் இளவுயிரிக்குள் முள்ளைச் செருகிப் பார்த்த இலியா மெச்னிகோவ், நகரும் செல்கள் அம்முள்ளைச் சூழ்ந்து மொய்ப்பதைக் கண்டு, விழுங்கு செல்களே உடலின் காவல் என்ற கொள்கையை உருவாக்கினார். அதற்காக 1908-இல் பவுல் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கிருமியும் அதை எதிர்கொள்ளும் செல்லும் ஒரே ஆண்டில் அறிவியலின் பார்வைக்கு வந்தன என்றாலும், அவ்விரண்டுக்கும் இடையே நிகழ்வது என்ன என்பது துலங்குவதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

சாதாரண பாக்டீரியாவுக்கு மேக்ரோஃபேஜுக்குள் நேர்வதை முதலில் பார்த்துவிடலாம். மேக்ரோஃபேஜின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் பாக்டீரியாவின் செல்சுவரில் உள்ள சர்க்கரைகளையும் கொழுப்புகளையும் இனங்காண்கின்றன. செல்படலம் பாக்டீரியாவைச் சுற்றி மூடிக்கொண்டு உள்ளே ஒரு பையாக மாறுகிறது. ஃபேகோசோம் எனப்படும் இந்தப் பை அப்படியே நின்றுவிடுவதில்லை. செல்லின் உட்பைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதனோடு இணைய, அதன் படலத்தில் புரோட்டான்களை உள்ளே இறைக்கும் நொதிகள் வந்து சேர, பையின் உட்புறம் படிப்படியாக அமிலமாகிறது. பிஎச் அளவு 7-இலிருந்து 5-க்கோ அதற்கும் கீழோ இறங்குகிறது. இறுதியில் செரிமான நொதிகள் நிரம்பிய லைசோசோம் அதனோடு ஒன்றாகிறது. இதற்கிடையே என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதித்தொகுதி ஆக்சிஜனிலிருந்து சூப்பராக்சைடையும் அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்குகிறது. இரும்பையும் மாங்கனீசையும் பையிலிருந்து வெளியேற்றிக் கிருமியைப் பட்டினி போடுவதும், மாறாகத் தாமிரத்தையும் துத்தநாகத்தையும் நச்சாகும் அளவுக்கு உள்ளே திணிப்பதும் இதே பையில் நடக்கும் வேறு தாக்குதல்கள். அத்துடன் மேக்ரோஃபேஜ், செல்களுக்கிடையே செய்தி கடத்தும் சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரந்து, இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை வரவழைக்கிறது. நிமோனியாவை உண்டாக்கும் பல பாக்டீரியாக்களின் கதை இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

இந்தப் பொறியிலிருந்து தப்பும் வழியைக் காசநோய்க் கிருமி மட்டுமே கண்டுகொண்டதாக நினைக்க வேண்டாம். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா பையின் படலத்தைத் துளைத்து, செல்லின் உட்திரவமான சைட்டோபிளாசத்துக்குள் குதித்துவிடுகிறது. லீஜியோனெல்லா தன் பையை, செல்லின் உள்ளுறுப்பான எண்டோபிளாச வலைப்பின்னலைப் போல உருமாற்றிக்கொள்கிறது. சால்மோனெல்லா பைக்குள் இருந்தபடியே செல்லின் போக்குவரத்தைத் திசைதிருப்புகிறது. காக்சியெல்லாவோ அமிலத்தையே விரும்பி அதில் பெருகுகிறது. காசநோய்க் கிருமியை இவற்றிலிருந்து வேறுபடுத்துவது அதன் நிதானம். ஈ.கோலை தகுந்த சூழலில் சுமார் 20 நிமிடங்களில் இரட்டிக்கிறது என்றால், இது இரட்டிப்பதற்குச் சுமார் 20 மணிநேரம் எடுத்துக்கொள்கிறது. மெதுவாகப் பெருகும் கிருமிக்கு அவசர எச்சரிக்கைகளைத் தூண்டாமலிருப்பது எளிது.

இனி நுரையீரலுக்கு வருவோம். நோயாளி இருமும்போது வெளிப்படும் நீர்த்துளிகளில் 5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை காற்றில் நெடுநேரம் மிதந்து, மூச்சுக்குழலின் சளிப்படலத்தில் சிக்காமல் காற்று நுண்ணறைகள் வரை சென்றுசேர்கின்றன. அங்கே கிருமியை முதலில் எதிர்கொள்வது நுண்ணறை மேக்ரோஃபேஜ். இது எலும்பு மஜ்ஜையிலிருந்து அவ்வப்போது வந்துசேரும் செல் அன்று. கருவில் இருக்கும்போதே புறப்பட்ட முன்னோடிச் செல்களிலிருந்து, பிறப்பையொட்டிய நாட்களில் நுண்ணறைகளில் குடியேறி, அங்கேயே தன்னைப் புதுப்பித்துக்கொண்டு வாழ்வது. மூச்சோடு வரும் தூசியையும், நுண்ணறையைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் படலத்தின் கழிவையும் அகற்றுவதே அதன் அன்றாடப் பணி. ஒவ்வொரு தூசித்துகளுக்கும் அது அழற்சியைக் கிளப்பினால் மனிதர் மூச்சுவிடவே இயலாது என்பதால், அமைதி காப்பதே அதன் இயல்பாக அமைந்திருக்கிறது. காசநோய்க் கிருமி வந்திறங்குவது துல்லியமாக இந்த அமைதிக்குள்தான். எலிகளில் நடந்த ஆய்வுகள், கொழுப்பை எரித்து ஆற்றல் பெறும் நுண்ணறை மேக்ரோஃபேஜ்களில் கிருமி நன்றாகப் பெருகுவதையும், குளுக்கோஸை அதிகம் சார்ந்திருக்கும், பின்னால் இரத்தத்திலிருந்து வந்துசேரும் மேக்ரோஃபேஜ்களில் அதன் பெருக்கம் தடைப்படுவதையும் காட்டியுள்ளன. மேக்ரோஃபேஜ் என்று ஒரே பெயரால் அழைத்தாலும், அவை அனைத்தும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

நுழையும் வழியும் கிருமிக்குச் சாதகமானதே. அதன் சுவரில் மைக்கோலிக் அமிலங்கள், மானோஸ் தொப்பியிட்ட லிபோஅராபினோமானன், டிரெஹலோஸ் டைமைக்கோலேட் போன்ற மெழுகுத்தன்மை கொண்ட சேர்மங்கள் செறிந்துள்ளன. இவற்றில் சில டிஎல்ஆர்-2, மின்க்கிள் போன்ற ஏற்பிகள்வழி எச்சரிக்கையைத் தூண்டுபவை. சில மானோஸ் ஏற்பி, நிரப்பி ஏற்பி ஆகியவற்றின் வழியாக ஓசையின்றி உள்ளே அழைத்துச் செல்பவை. எந்தக் கதவு எந்த அளவில் திறக்கிறது என்பதைப் பொறுத்துப் பின்விளைவு மாறுகிறது.

உள்ளே சென்றபின் நடப்பதே இந்த விடையின் மையம். 1971-இல் லண்டனில் ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் ஆகிய இருவரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, உயிருள்ள காசநோய்க் கிருமிகள் அடங்கிய பைகள் பெரும்பாலும் லைசோசோம்களோடு இணையாமலிருந்தன. இறந்த கிருமிகள் அடங்கியவை இணைந்தன. கிருமி ஏதோ ஒன்றைச் செய்து இணைப்பைத் தடுக்கிறது என்பதற்கான முதல் தெளிவான சான்று அது. பின்னர் வந்த ஆய்வுகள் அந்த ஏதோ ஒன்றைப் பலவாகப் பிரித்துக் காட்டின. ஃபேகோசோம் முதிர்வதற்கு ராப்-5 என்ற அடையாளப் புரதம் விலகி ராப்-7 அமர வேண்டும். அதற்குப் படலத்தில் பிஐ-3-பி என்ற பாஸ்பரஸ் கொண்ட கொழுப்பு சேர வேண்டும். லிபோஅராபினோமானன் அக்கொழுப்பு உண்டாவதற்குத் தேவையான கால்சியம் சமிக்ஞையைக் குலைக்கிறது. கிருமி சுரக்கும் சாப்-எம் என்ற நொதி, அதையும் மீறி உண்டான கொழுப்பிலிருந்து பாஸ்பேட்டை நீக்கிவிடுகிறது. பிடிபி-ஏ என்ற மற்றொரு நொதி, புரோட்டான் இறைக்கும் தொகுதி பையின் படலத்தில் வந்து அமர்வதையே தடுக்கிறது. விளைவாகப் பையின் பிஎச் சுமார் 6.2 முதல் 6.4 வரையில் நின்றுவிடுகிறது. செல்லின் பார்வையில் அது இப்போதுதான் விழுங்கப்பட்ட பை. எத்தனை நாளானாலும் இப்போதுதான் விழுங்கப்பட்ட பை.

ஆனால் ஆம்ஸ்ட்ராங்கும் டார்சி ஹார்ட்டும் 1975-இல் வெளியிட்ட இன்னொரு முடிவைப் பலரும் மறந்துவிடுகின்றனர். கிருமிகளின் மீது எதிர்ப்பொருள்களைப் பூசி மேக்ரோஃபேஜ்களுக்குக் கொடுத்தபோது, பைகள் லைசோசோம்களோடு ஒழுங்காக இணைந்தன. ஆயினும் கிருமிகள் சாகவில்லை. ஓய்வுநிலையில் உள்ள மேக்ரோஃபேஜின் லைசோசோம் மட்டும் போதாது என்பதே இதன் பொருள். மெழுகுச் சுவர் அமிலத்தையும் நொதிகளையும் தாங்குகிறது. கேட்-ஜி என்ற கேட்டலேஸ் நொதி ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கிறது. மைக்கோதையால் என்ற சிறு மூலக்கூறு ஆக்சிஜனேற்றத்தால் வரும் சேதத்தைச் சரிக்கட்டுகிறது. முதிர்வைத் தடுப்பது கிருமியின் முதல் அரண்; அதுவே கடைசி அரண் அன்று.

அடுத்து, அது பைக்குள்ளேயே அடங்கியிருப்பதுமில்லை. இஎஸ்எக்ஸ்-1 எனப்படும் சுரப்புத்தொகுதி வழியாக வெளியேறும் இசாட்-6 போன்ற புரதங்களும், பிடிஐஎம் என்ற மேற்பரப்புக் கொழுப்பும் சேர்ந்து பையின் படலத்தைச் சிதைக்கின்றன. இதனால் கிருமியின் டிஎன்ஏ சைட்டோபிளாசத்துக்குக் கசிந்து, வைரஸ் வந்தால் ஒலிக்க வேண்டிய எச்சரிக்கையை எழுப்புகிறது. முதல் வகை இன்டர்ஃபெரான்கள் என்ற சமிக்ஞைப் புரதங்கள் சுரக்கின்றன. காசநோயில் இவை பெரும்பாலும் நன்மைக்கு மாறாகத் தீமையே செய்கின்றன. தீவிர நோயுள்ளவர்களின் இரத்தத்தில் இவற்றின் தடயம் வலுவாகத் தெரிகிறது. கால்மெட்டும் கேரினும் 13 ஆண்டுகள் 230 முறை வளர்ப்பு மாற்றி உருவாக்கி, 1921-இல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்த பிசிஜி தடுப்பூசியின் கிருமி இழந்திருப்பது, இஎஸ்எக்ஸ்-1 தொகுதியின் முக்கிய மரபணுக்கள் அடங்கிய ஆர்டி-1 என்ற பகுதியைத்தான். அது நோய் உண்டாக்கும் திறனை இழந்ததற்கு இது ஒரு முதன்மைக் காரணம். இசாட்-6 புரதம் பிசிஜியில் இல்லாததால்தான், இன்றைய இன்டர்ஃபெரான்-காமா இரத்தப் பரிசோதனைகள் அப்புரதத்தைப் பயன்படுத்தித் தடுப்பூசியின் தாக்கத்தையும் உண்மையான தொற்றையும் பிரித்தறிய முடிகிறது.

சிதைந்த பையை மேக்ரோஃபேஜ் சும்மா விட்டுவிடுவதில்லை. அதன் மேல் யுபிக்விட்டின் என்ற அடையாளத்தை ஒட்டி, மற்றொரு படலத்தால் முழுவதுமாகச் சுற்றி, மீண்டும் லைசோசோமிடம் அனுப்ப முயல்கிறது. தன்விழுங்கல் என்று தமிழில் சொல்லப்படும் ஆட்டோஃபேஜி இது. கிருமியும் இதைத் தடுக்கும் உத்திகளை வைத்திருக்கிறது. உணவிலும் இதே இழுபறிதான். மேக்ரோஃபேஜ் இரும்பை மறைத்தால், கிருமி மைக்கோபாக்டின் என்ற இரும்புபற்றி மூலக்கூறை அனுப்பி அதைத் திருடுகிறது. மேக்ரோஃபேஜ் டிரிப்டோபானைச் சிதைத்தால், கிருமி அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மேக்ரோஃபேஜின் கொழுப்புத் துளிகளையும் கொலஸ்ட்ராலையும் உண்டு வாழக் கற்றிருப்பதால், கொழுப்பு நிறைந்து நுரைபோலத் தோன்றும் மேக்ரோஃபேஜ்கள் அதற்கு நெடுங்கால உணவுக் களஞ்சியமாகின்றன.

இந்த நிலையை மாற்றக்கூடியவை டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள். மேக்ரோஃபேஜ்களும், கிருமியின் அடையாளத்தை டி செல்களுக்குக் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்களும் இன்டர்லூக்கின்-12 என்ற சைட்டோகைனைச் சுரந்து டி செல்களைத் தூண்ட, டி செல்கள் இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரந்து மேக்ரோஃபேஜ்களை ஓய்வுநிலையிலிருந்து போர்நிலைக்கு மாற்றுகின்றன. தூண்டப்பட்ட மேக்ரோஃபேஜில் முதிர்வுத் தடை தளர்கிறது, பை கூடுதல் அமிலமாகிறது, தன்விழுங்கல் வேகம் பெறுகிறது, நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் நொதி இயங்கத் தொடங்குகிறது. எலிகளில் இந்த நைட்ரிக் ஆக்சைடு இல்லாவிட்டால் காசநோய் கட்டுக்கடங்காது. மனிதரில் அதன் பங்கு அந்த அளவுக்குத் தெளிவாக நிறுவப்படவில்லை என்பதால், எலியின் முடிவுகளை அப்படியே மனிதருக்குப் பொருத்திச் சொல்லும் எழுத்துகளைச் சற்றுக் கவனத்தோடு படிப்பது நல்லது.

இன்டர்ஃபெரான்-காமாவின் இன்றியமையாமைக்கு மனிதரிலேயே ஐயமற்ற சான்று உண்டு. அதன் ஏற்பிக்கான மரபணுவில் பிறவிக் குறையுள்ள குழந்தைகள், பிறருக்குத் தீங்கு செய்யாத பிசிஜி தடுப்பூசிக் கிருமியாலும் மண்ணிலும் நீரிலும் வாழும் சாதாரண மைக்கோபாக்டீரியாக்களாலும் கடும் நோய்க்கு ஆளாவது 1996-இல் கண்டறியப்பட்டது. இன்டர்லூக்கின்-12 தொடர்பான மரபணுக் குறைகளும் இதே விளைவைத் தருகின்றன. இக்குழந்தைகளில் பலருக்கு வேறு பெரும்பாலான பாக்டீரியாக்களை எதிர்க்கும் திறன் இயல்பாகவே இருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. எச்ஐவி தொற்றும் இதையே வேறு வழியில் காட்டுகிறது. காசநோய்க் கிருமி உள்ளுறைந்திருக்கும் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதிலும் நோய் வெளிப்படும் வாய்ப்பு 5 முதல் 10 சதவீதம் என்றால், சிடி-4 டி செல்களை இழந்து, சிகிச்சையும் பெறாத எச்ஐவி நோயாளிக்கு ஏறத்தாழ அதே அளவு வாய்ப்பு ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறது.

அப்படியானால் டி செல்கள் ஏன் உடனே வருவதில்லை? டி செல்களைத் தூண்டுவதற்குக் கிருமியின் ஆன்டிஜென்கள் எனப்படும் அடையாளக் கூறுகள் நுரையீரலிலிருந்து அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும். சளிக்காய்ச்சல் வைரஸ்களுக்குச் சில நாட்களில் முடிந்துவிடும் இவ்வேலை, காசநோயில் எலிகளிலேயே ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கிறது; மனிதரில் தொற்றைக் காட்டும் தோல் பரிசோதனை நேர்மறையாவதற்கு 2 முதல் 8 வாரங்கள் ஆகின்றன. அமைதியான நுண்ணறை மேக்ரோஃபேஜுக்குள் மெதுவாகப் பெருகும் கிருமிக்குக் கிடைக்கும் இந்த முந்திய தொடக்கமே, பின்னால் வரும் எதிர்ப்பு எவ்வளவு வலுவாக இருந்தாலும் முழு ஒழிப்பு அரிதாவதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

டி செல்கள் வந்துசேரும் காலத்தில் கிரானுலோமா எனப்படும் செல் திரள் உருவாகிறது. மையத்தில் தொற்றுள்ள மேக்ரோஃபேஜ்கள். அவற்றைச் சுற்றி ஒன்றோடொன்று இறுகப் பொருந்தி எபிதீலியச் செல்களைப் போல உருமாறிய மேக்ரோஃபேஜ்கள். பல மேக்ரோஃபேஜ்கள் இணைந்து உண்டான, உட்கருக்கள் குதிரைலாட வடிவில் அடுக்கப்பட்ட லாங்ஹான்ஸ் பெருஞ்செல்கள். வெளியே டி, பி லிம்போசைட்டுகள். இதைக் கிருமியைச் சிறைவைக்கும் சுவர் என்றே நெடுங்காலம் கருதி வந்தனர். காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவான மைக்கோபாக்டீரியம் மரினத்தை ஒளிபுகும் வரிக்குதிரை மீன் இளவுயிரிகளில் செலுத்திக் கவனித்தபோது, வேறு காட்சி தெரிந்தது. தொற்றுள்ள மேக்ரோஃபேஜ் இறக்க, அதை உண்ணப் புதிய மேக்ரோஃபேஜ்கள் வர, அவற்றுக்கும் தொற்ற, அவற்றில் சில அங்கிருந்து புறப்பட்டு வேறிடத்தில் புதிய கிரானுலோமாவைத் தொடங்கின. ஆகக் கிரானுலோமா தொடக்கத்தில் கிருமியைப் பரப்பவும் உதவுகிறது, டி செல்கள் சேர்ந்தபின் அதைக் கட்டுப்படுத்தவும் உதவுகிறது. மக்காக் குரங்குகளில் கண்டவை இன்னும் வியப்பூட்டுபவை: பெரும்பாலான கிரானுலோமாக்கள் ஒற்றைக் கிருமியிலிருந்து தொடங்குகின்றன, ஒரே குரங்கின் நுரையீரலில், ஒரே காலத்தில், ஒரு கிரானுலோமாவில் கிருமிகள் முற்றிலும் அழிந்திருக்க, சில சென்டிமீட்டர் தள்ளி மற்றொன்றில் அவை பெருகிக்கொண்டிருக்கும். உடல் முழுமைக்கும் பொதுவான ஒரே எதிர்ப்பாற்றல் என்ற எண்ணம் இங்கே உடைந்துபோகிறது. தீர்ப்பு ஒவ்வொரு கிரானுலோமாவிலும் தனித்தனியே எழுதப்படுகிறது.

அந்தத் தீர்ப்பில் மேக்ரோஃபேஜ் எப்படிச் சாகிறது என்பது பெரும்பங்கு வகிக்கிறது. அப்போப்டோசிஸ் எனப்படும் ஒழுங்கான மரணத்தில் செல் சிறு பொட்டலங்களாக உடைந்து, கிருமி உள்ளடங்கியபடியே புதிய மேக்ரோஃபேஜால் விழுங்கப்பட்டு அழிவதற்கு வாய்ப்புண்டு. நெக்ரோசிஸ் எனப்படும் வெடித்துச் சாகும் முறையில் கிருமிகள் வெளியே கொட்டுகின்றன. முதல்வகை மரணத்தைத் தடுத்து இரண்டாம் வகைக்குத் தள்ளுவதற்கென்றே கிருமியிடம் புரதங்கள் உள்ளன; செல்லின் என்ஏடி என்ற ஆற்றல்சார் மூலக்கூறைச் சிதைக்கும் டிஎன்டி நச்சு அவற்றில் ஒன்று. இறந்த மேக்ரோஃபேஜ்கள் குவிந்து பாலாடைக்கட்டி போன்ற பொருளாக மாறுவதும், மேக்ரோஃபேஜ்கள் சுரக்கும் கொலாஜனைச் சிதைக்கும் நொதிகள் திசுவை அரித்து, அப்பொருள் மூச்சுக்குழலில் உடைந்து குழி விழுவதும் அடுத்த படிகள். ஆக்சிஜன் நிறைந்த அக்குழிகளில் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகி இருமலில் வெளியேறுகின்றன. கிருமி இன்னொருவரைச் சென்றடைவதற்குத் தேவையான இச்சேதத்தின் பெரும்பகுதியைச் செய்வது நம் செல்களே.

டிஎன்எஃப் என்ற சைட்டோகைன் இந்த அளவுக் கணக்கைத் துல்லியமாகக் காட்டுகிறது. மூட்டுவாதத்துக்காக அதைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தைப் பெற்றவர்களில் உள்ளுறைந்த காசநோய் மீண்டெழுவது 2001-இல் வெளியான அறிக்கையால் தெரியவந்தது. அதன்பின் இத்தகைய மருந்துகளைத் தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயமான நடைமுறையாயிற்று. டிஎன்எஃப் குறைந்தால் கேடு என்பது இதனால் உறுதியாகிறது. ஆனால் வரிக்குதிரை மீன்களில் டிஎன்எஃப் அளவுக்கு மீறியபோது, மேக்ரோஃபேஜின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஆக்சிஜன் நச்சுகள் பெருகி, முதலில் கிருமிகளைக் கொன்று, பின் மேக்ரோஃபேஜையும் வெடிக்கச்செய்தன. எஞ்சிய கிருமிகள் வெளியே தங்குதடையின்றிப் பெருகின. மூளையுறைக் காசநோயில் கொல்லிமருந்துகளோடு டெக்சாமெத்தசோன் என்ற அழற்சியடக்கியையும் சேர்த்துக் கொடுத்தால் இறப்பு குறைவதாக, எச்ஐவி இல்லாத நோயாளிகளில் நடந்த சோதனைகள் காட்டியிருப்பதையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். எதிர்ப்பைத் தணிப்பதால் உயிர் பிழைக்கும் சூழலும் உண்டு.

எதிர்ப்பாற்றலைக் கூட்டினால் என்ன என்ற கேள்விக்கு இன்னும் நேரடியான விடையைப் புற்றுநோய் மருத்துவம் தந்திருக்கிறது. டி செல்களின் மேலுள்ள பிடி-1 என்ற தடையை நீக்கி அவற்றை முழு வேகத்தில் இயங்கவைக்கும் மருந்துகளைப் பெற்ற சிலருக்குக் காசநோய் மூண்டிருக்கிறது. பிடி-1 இல்லாத எலிகள் காசநோயால் விரைந்து இறக்கின்றன. தடையை நீக்கினால் டி செல்கள் வலுப்பெற்றுக் கிருமி அழியும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர், நடப்பதோ நேர்மாறு. எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் மாத்திரைகளையும் கஷாயங்களையும் காசநோய்க்குப் பரிந்துரைப்பவர்கள் இந்த உண்மையைக் கேள்விப்பட்டிருப்பார்களா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வைட்டமின் டி-யின் கதையும் இத்தகையதே. டிஎல்ஆர் ஏற்பி தூண்டப்பட்ட மனித மேக்ரோஃபேஜ் வைட்டமின் டி-யைச் செயலூக்கம் பெற்ற வடிவமாக மாற்றி, அதன் துணையால் கேதலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைத் தயாரிக்கிறது என்று 2006-இல் ஆய்வுக்கூடத்தில் அழகாக நிறுவப்பட்டது. ஆயினும் மங்கோலியப் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்து 2020-இல் முடிவு வெளியான பெரிய சோதனையில், வைட்டமின் டி கொடுத்ததால் காசநோய்த் தொற்று குறையவில்லை.

மாறாக, மேக்ரோஃபேஜைப் பலவீனப்படுத்துபவற்றை அகற்றுவதில் பயன் ஐயத்துக்கு இடமற்றது. சிலிக்கா தூசியை விழுங்கிய மேக்ரோஃபேஜின் லைசோசோம் கிழிந்து செல்லே இறந்துபோகிறது. கல் உடைக்கும் தொழிலிலும் சுரங்கத்திலும் சிலிக்கோசிஸ் வந்தவர்களுக்குக் காசநோய் மிகுவதற்கு அதுவே காரணம். புகையிலைப் புகையின் துகள்கள் நுண்ணறை மேக்ரோஃபேஜின் லைசோசோம்களை அடைத்து அதன் நடமாட்டத்தைக் குறைக்கின்றன. நீரிழிவு நோய் காசநோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ 2 முதல் 3 மடங்காக்குகிறது. ஊட்டச்சத்துக் குறைவும் அவ்வாறே.

மருந்துகளுக்கும் மேக்ரோஃபேஜுக்கும் உள்ள உறவு பலரும் அறியாதது. ஐசோனியசிட் கிருமிக்குள் செல்லும்போது செயலற்ற பொருளாகவே செல்கிறது; மேக்ரோஃபேஜின் பெராக்சைடிலிருந்து தப்புவதற்காகக் கிருமி வைத்திருக்கும் அதே கேட்-ஜி நொதிதான் அதைக் கொல்லும் மருந்தாக மாற்றுகிறது. அந்நொதியை முற்றிலும் இழந்தால் கிருமி மருந்திலிருந்து தப்பலாம், ஆனால் மேக்ரோஃபேஜிடம் அகப்படும். ஆகவே மருந்தெதிர்ப்புப் பெற்ற கிருமிகளில் அதிகம் காணப்படும் மரபணு மாற்றம், பெராக்சைடைச் சிதைக்கும் திறனைப் பெருமளவு தக்கவைத்து, மருந்தை மாற்றும் திறனை மட்டும் குறைப்பதாக அமைந்திருக்கிறது. பைராசினமைடோ அமிலச் சூழலில் திறம்படச் செயல்படுவது. தூண்டப்பட்ட மேக்ரோஃபேஜின் அமிலப் பையில் அதன் மதிப்பு கூடுகிறது. மறுபுறம், மேக்ரோஃபேஜுக்குள் வாழும் கிருமிகள் மருந்தை வெளியேற்றும் புரதங்களைப் பெருக்கிக்கொண்டு, மரபணு மாறாமலே மருந்தைத் தாங்கும் தன்மை பெறுகின்றன. பாலாடைக்கட்டி போன்ற மையத்துக்குள் சில மருந்துகள் எளிதில் ஊடுருவுவதுமில்லை. முதல் 2 மாதங்கள் 4 மருந்துகளும், அடுத்த 4 மாதங்கள் குறைந்தது 2 மருந்துகளும் என்று வழக்கமான சிகிச்சை 6 மாதங்கள் நீள்வதற்கு இவை காரணங்கள். இருமல் நின்றுவிட்டதென்று இடையில் நிறுத்துவோர் விட்டுவைப்பது இத்தகைய கிருமிகளைத்தான்.

ஆகவே, தொற்று உள்ளுறைந்திருந்து நோய் இன்னும் வெளிப்படாதவருக்கு நான் சொல்லக்கூடிய நடைமுறை விடை, எதிர்ப்பாற்றலை மேலும் தூண்ட வழிதேடுவதற்கு மாறாக, அது எதிர்கொள்ள வேண்டிய கிருமிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. முதலில் தீவிர நோய் இல்லையென்று சளிப் பரிசோதனையாலும் எக்ஸ்ரேயாலும் உறுதிசெய்துகொண்டு, ஐசோனியசிட்டை 6 அல்லது 9 மாதங்கள் நாள்தோறும் உட்கொள்ளலாம். அல்லது ஐசோனியசிட்டுடன் ரிஃபாபென்டினையும் சேர்த்து வாரம் ஒருமுறை வீதம் 12 வாரங்கள் உட்கொள்ளலாம். நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழும் சிறு குழந்தைகள், எச்ஐவி தொற்றுள்ளவர்கள், டிஎன்எஃப் தடுப்பு மருந்தைத் தொடங்கவிருப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் ஆகியோர் இதைப் பற்றி மருத்துவரிடம் தாமதமின்றிக் கேட்க வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்களும் வேறு மருந்துகளை உட்கொண்டு வருபவர்களும் அதையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், ஏனெனில் ஐசோனியசிட் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது, ரிஃபாபென்டின் பல மருந்துகளின் வீரியத்தைக் குறைக்கக்கூடியது.